நிறுத்திவைத்த நாற்பத்தொன்று

நவம்பர் 3

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று பயந்திருப்பாய். வீட்டில் யாருக்கும் ஒன்றும் இல்லை. அத்தானுக்கு முட்டிவலி, அது எப்போதும் இருப்பதுதான்.

போன வாரம் இரண்டு முறை போன் செய்தேன். முதல் முறை உன் உதவியாளர் எடுத்து, "சார் மீட்டிங்ல இருக்காங்க. என்ன விஷயம்னு சொல்லுங்க மேடம், நோட் பண்ணிக்கிறேன்" என்றார். "நான் அவனோட அக்கா. அதை நோட் பண்ணிக்கோங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன். இரண்டாம் முறை யாருமே எடுக்கவில்லை. அதனால்தான் தபால். ஒரு வருஷமாகப் பேசாமல் இருந்தவள் நான்தான், ஒப்புக்கொள்கிறேன். மகனுக்கு உன் கம்பெனியில் ஒரு வேலை கேட்டபோது, எல்லாரையும் போலப் பரீட்சை எழுதி வரட்டும் என்று சொன்னாய். அது எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆனால் இந்தக் கடிதம் அதற்காக எழுதியது இல்லை.

என் தீக்காய வார்டில் ஒரு கண்டக்டரம்மா படுத்திருக்கிறார். இருபத்திரண்டு வருஷம் பஸ்ஸில் நின்றே வேலை பார்த்தவர். இடுப்பு வலிக்கென்று உங்கள் ஆன்லைன் கடையில் ஒரு ஒத்தடப் பை வாங்கியிருக்கிறார். உள்ளே தண்ணீர் அடைத்து வருமே, கரண்டில் பத்து நிமிஷம் செருகினால் தானே சூடாகித் தானே நின்றுவிடும் என்கிறார்களே, அந்தப் பை. அது தானே நிற்கவில்லை. முதுகுக்கு அண்டைக்கொடுத்துச் சாய்ந்தபோது வெடித்துவிட்டது. இடுப்பிலிருந்து தொடைவரை வெந்துபோய் வந்தார். குப்புறத்தான் படுக்க முடியும். தோல் ஒட்டும் ஆப்பரேஷன் முடிந்து மயக்கம் தெளியும்போது, "உள்ள போங்க, உள்ள போங்க, படியில நிக்காதீங்க" என்று வார்டையே அதட்டினார். சிரித்துவிட்டோம். கட்டு மாற்றும்போது யாரும் சிரிப்பதில்லை.

நடந்ததை உங்கள் தளத்தில் அந்தப் பைக்குக் கீழே எழுதும்படி அவர் கேட்டுக்கொண்டார். எழுதினேன். வரவில்லை. மறுநாளும் எழுதினேன். வரவில்லை. அவருடைய தங்கை தன் போனிலிருந்து எழுதினாள், அதுவும் வரவில்லை. மூன்றாம் முறை நான் எழுதியதும் என் கணக்கையே முடக்கிவிட்டு, "உங்கள் செயல்பாடு இயல்புக்கு மாறாக உள்ளது" என்று ஒரு செய்தி அனுப்பினார்கள். அத்தானிடம் காட்டினேன். "இதைத்தானே நான் இருபத்தஞ்சு வருஷமா சொல்லிட்டிருக்கேன்" என்றார்.

அந்தப் பைக்கு நாலரை நட்சத்திரம் போட்டிருக்கிறது. குறை என்று பார்த்தால், படத்தில் இருந்த நிறம் கையில் வரும்போது மங்கலாக இருப்பதாக ஒருவர் வருத்தப்பட்டிருக்கிறார். அவ்வளவுதான். அங்கே தொழில்நுட்பத்துக்கெல்லாம் நீதான் தலைவன் என்கிறார்கள். இது எப்படி நடக்கிறது என்று எனக்குச் சொல்.

அக்கா

நவம்பர் 9

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. எங்கள் ஆபீஸில் யாருக்கும் தபால் வருவதில்லை. ரிசப்ஷனில் இருப்பவர் அதைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, நான் பிரிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார். உதவியாளரிடம் சொல்லிவிட்டேன், இனி நீ கூப்பிட்டால் எனக்குத் தருவார். நீ கூப்பிடமாட்டாய் என்றும் தெரியும்.

கண்டக்டரம்மாவை நினைத்தால் கஷ்டமாக இருக்கிறது. சம்பிரதாயத்துக்குச் சொல்லவில்லை.

எப்படி நடக்கிறது என்று கேட்டாய். நாலு வருஷத்துக்கு முன்பு துணிப் பொம்மை தைத்து எங்கள் தளத்தில் விற்கும் ஒரு அம்மாவைப் பற்றி ஒரே வாரத்தில் இருநூறு புகார் வந்தது. பொம்மையின் கண் கழன்று குழந்தை விழுங்கிவிட்டது என்று எல்லாவற்றிலும் ஒரே கதை. ஒன்றுகூட நிஜமில்லை, போட்டிக் கடைக்காரர் ஆள் வைத்து எழுதியது. அந்த அம்மா ஒரு பை நிறையப் பொம்மைகளோடு எங்கள் ரிசப்ஷனுக்கு வந்துவிட்டார். ஒவ்வொன்றாக எடுத்து, "இழுத்துப் பாருங்க சார், நீங்களே இழுத்துப் பாருங்க" என்றார். இழுத்துப் பார்த்தேன். ஒரு கண்ணும் வரவில்லை. ஆனால் அதற்குள் அவருடைய வியாபாரம் படுத்துவிட்டது.

அதற்குப் பிறகுதான் நாங்கள் சல்லடை என்று சொல்லும் அந்த புரோகிராமை எழுதினேன். ஒரே இடத்திலிருந்து, கொஞ்ச நாளுக்குள், ஒரே மாதிரி வார்த்தைகளில் புகார்கள் வந்தால் அது அவற்றை நிறுத்திவைக்கும். நூற்றுக்கணக்கான சின்னக் கடைக்காரர்களை அது காப்பாற்றியிருக்கிறது. நீயும் அந்தத் தங்கையும் ஆஸ்பத்திரியின் ஒரே வைஃபையிலிருந்து எழுதியிருப்பீர்கள். சல்லடைக்கு நீங்கள் ஆள் வைத்த கூட்டம் போலத் தெரிந்திருக்கும்.

உன் கணக்கைத் திறக்கச் சொல்லிவிட்டேன். பையைச் சோதிக்கும்படி பொருள் பிரிவுக்கும் எழுதிவிட்டேன்.

களைப்பாக இருக்கிறது அக்கா. ஒரு பெரிய கம்பெனி எங்களை வாங்கப்போகிறது. டிசம்பர் கடைசியில் கையெழுத்து. காலையில் ஒரு கண்ணாடி அறைக்குள் போகிறேன், அவர்களுடைய ஆட்கள் கேட்பதற்கெல்லாம் பதில் சொல்கிறேன், வெளியே வரும்போது காலையில் என்ன சொன்னேன் என்பதே நினைவில்லை. இப்போது கம்பெனிக்கே தலைவனாகிவிட்ட நம் நெட்டை உன்னை விசாரித்தான். உன் வீட்டு மாடியறையில் கம்பெனி தொடங்கியபோது நீ எங்களுக்குச் சோறு போட்டதை இவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்கிறான்.

மருமகன் எப்படி இருக்கிறான்?

தம்பி

நவம்பர் 14

தம்பிக்கு,

உன் மருமகன் குடிநீர் சுத்தம் செய்யும் நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதமாகிறது. இதை உன் மனைவியிடம் சொன்னேனே, உனக்குச் சொல்லவில்லையா? அல்லது சொல்லி நீ மறந்துவிட்டாயா?

கணக்கு திறந்துவிட்டது. நாலாம் முறையும் எழுதினேன். அதுவும் வரவில்லை.

இப்போது இன்னொருவர் வந்திருக்கிறார். கார் ஓட்டக் கற்றுக்கொடுத்து ஓய்வு பெற்றவர். சர்க்கரை வியாதி, பாதத்தில் உணர்ச்சி கிடையாது. அதே பையின் மேல் காலை வைத்துக்கொண்டு டிவி பார்த்திருக்கிறார். நாற்றம் வந்த பிறகுதான் குனிந்து பார்த்தாராம். இரண்டு விரல்களை எடுக்கவேண்டியதாயிற்று. என்னிடம், "சிஸ்டர், பிரேக் மிதிக்க இந்தக் கால்தானே வேணும்" என்று மட்டும் கேட்டார்.

என்னோடு படித்தவர்கள் இரண்டு ஊர்களில் தீக்காய வார்டில் இருக்கிறார்கள். அவர்களைக் கூப்பிட்டுக் கேட்டேன். ஒருத்தி மூன்று பேர் என்றாள், இன்னொருத்தி இரண்டு. அதே அரக்கு நிற வெல்வெட் உறை.

உன் சல்லடையைப் பற்றி இரண்டு நாளாக யோசித்தேன். சுட்டுக்கொண்டவர்கள் எங்கே போவார்கள்? ஆஸ்பத்திரிக்குத்தான். அங்கே எல்லாருக்கும் ஒரே வைஃபை. வெந்துபோனவர்கள் என்ன எழுதுவார்கள்? வெடித்தது, கொதித்தது, தோல் உரிந்தது. அதற்கு வேறு வார்த்தைகளை எங்கே போய்த் தேடுவார்கள்? குளிர் தொடங்கியதும் எல்லாரும் பையை எடுப்பதால் எல்லாம் ஒரே சமயத்தில்தான் நடக்கும். நீ பொய் சொல்பவர்களுக்காக வைத்த அடையாளம் எல்லாம் என் நோயாளிகளுக்கு அப்படியே பொருந்துகிறது.

எத்தனை பேர் எழுதி, நிறுத்திவைத்திருக்கிறீர்கள்? எண்ணிச் சொல்.

அக்கா

நவம்பர் 22

அக்கா,

நாற்பத்தொன்று.

பதினெட்டாம் தேதி காலை, ஒரு சின்ன மீட்டிங் அறையை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் படித்தேன். நிறுத்திவைத்ததை யாராவது வாரம் ஒரு முறை பார்க்கவேண்டும் என்று ஆரம்பத்தில் ஏற்பாடு செய்திருந்தேன். அந்த வேலையிலிருந்த இரண்டு பேரையும் போன வருஷம் வேறு வேலைக்கு மாற்றினோம். மாற்றியது நான்தான். மூன்று வருஷத்தில் சல்லடை தப்புச் செய்தது மிகக் குறைவு என்று ஒரு அறிக்கை காட்டியது. பார்க்க ஆளில்லாமல் தப்பு எப்படித் தெரியும் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

நாற்பத்தொன்றில் இருபத்தொன்பது, ஆஸ்பத்திரி வைஃபைகளிலிருந்து வந்தவை. உன்னுடைய நாலும் இருந்தன. நாலாவதில் "யாராவது மனுஷங்க இதைப் படிக்கிறீங்களா" என்று எழுதியிருந்தாய்.

அன்றே நெட்டையிடம் போனேன். அவன் உடனே ஒப்புக்கொண்டான், அதைச் சொல்லவேண்டும். "எடுத்துடலாம்டா. இன்னைக்கே எடுத்துடலாம். ஆனா சத்தமில்லாம எடுத்துடலாம்" என்றான்.

"ஏற்கெனவே வாங்கினவங்களுக்குச் சொல்லணுமே."

"சொல்லலாம். ஜனவரில சொல்லலாம். இப்ப சொன்னா அவங்க கையெழுத்துப் போடுவாங்களா? முன்னூறு பேர் குடும்பம்டா இங்க."

அந்தப் பை எங்கள் சொந்த லேபிள். வேறு யாரோ விற்றது என்று கையைக் கழுவ முடியாது. பொருள் பிரிவுக்கு நான் அனுப்பிய சோதனைக் கடிதத்துக்குப் பதிலே வரவில்லை என்பதும் அன்றுதான் எனக்கு உறைத்தது.

இருபதாம் தேதி விற்பனையை நிறுத்திவிட்டோம். பையின் பக்கமே இப்போது தளத்தில் இல்லை. பக்கம் போனதோடு அதற்குக் கீழே வாங்கியவர்கள் எழுதியிருந்ததும் போய்விட்டது. இனி யாரும் புதிதாக வாங்க முடியாது. அந்த அளவுக்காவது நடந்திருக்கிறது, அக்கா. கொஞ்சம் பொறுத்துக்கொள். பத்திரிகைக்காரர்கள் யாரிடமும் இப்போதைக்குப் பேசவேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

தம்பி

நவம்பர் 27

தம்பிக்கு,

கடையிலிருந்து எடுத்துவிட்டீர்கள், சரி. வீடுகளிலிருந்து யார் எடுப்பது?

நேற்று ஒரு கல்லூரிப் பெண் வந்தாள். மாதவிடாய் வலிக்காக வயிற்றில் வைத்திருக்கிறாள். அவள் அதை வாங்கியது ஆகஸ்டில். உங்கள் தளத்தில் பக்கம் இருக்கிறதா இல்லையா என்பது அவளுக்கு எதற்கு? பை அவள் அலமாரியில் இருந்தது.

வாங்கியவர்கள் யார் யார் என்று உங்களுக்குத் தெரியும். வீட்டு எண், போன் நம்பர், எல்லாம் தெரியும். நான் ஒரு செருப்பைப் பார்த்துவிட்டு வாங்காமல் விட்டால் மூன்று வாரத்துக்கு அந்தச் செருப்பு என் பின்னாலேயே வருகிறது. அவ்வளவு ஞாபகம் வைத்திருப்பவர்களால் ஒரு வரி எழுதி அனுப்ப முடியாதா?

பத்திரிகைக்காரர்களைப் பற்றிக் கவலைப்படாதே. எங்கள் சூப்பரிண்டெண்டெண்ட் என்னைக் கூப்பிட்டு, நோயாளிகள் விஷயம் வெளியே போனால் என் வேலை போகும் என்று சொல்லிவிட்டார். ஆக, உங்கள் நிம்மதிக்கு எங்கள் ஆட்களும் உதவிக்கொண்டிருக்கிறார்கள். சுகாதாரத் துறைக்கு முறைப்படி ஒரு புகார் எழுதியிருக்கிறேன். அது எந்த மேஜையில் எத்தனை நாள் உட்காரும் என்று உனக்கே தெரியும்.

கண்டக்டரம்மா இன்று பத்தடி நடந்தார். அந்தப் பையை விற்றவர்களில் ஒருவனுக்கு நான் அக்கா என்று அவரிடம் சொல்லவில்லை. எத்தனை நாளைக்குச் சொல்லாமல் இருப்பேன் என்று தெரியவில்லை.

அக்கா

டிசம்பர் 1

அக்கா,

வக்கீல், நெட்டை, விற்பனைத் தலைவர், நான் நாலு பேரும் உட்கார்ந்து பேசிவிட்டோம். இப்போது எச்சரிக்கை அனுப்பினால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகும் என்கிறார் வக்கீல். எல்லார் வார்த்தையையும் மீறி நான் எதுவும் செய்ய முடியாது. உனக்கு ஒரு வார்டு, எனக்கு இங்கே முன்னூறு பேர். என் கஷ்டம் உனக்குப் புரியாது.

ஒரு மாதத்துக்கு எனக்கு எழுதாதே. தயவுசெய்து.

தம்பி

டிசம்பர் 5

தம்பிக்கு,

எழுதாதே என்றாய். இந்த ஒன்றை எழுதிவிட்டு நிறுத்திக்கொள்கிறேன்.

வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருஷம் இது. ஆப்பரேஷன் கருவிகளை நீராவியில் சுத்தம் செய்யும் இயந்திரம் ஒன்று எங்களிடம் இருந்தது. உள்ளே வைக்கும் பட்டையில் கோடு கறுத்தால் போதிய சூடு வந்திருக்கிறது என்று அர்த்தம். ஒரு நாள் கோடு கறுக்கவில்லை. மறுநாளும் கறுக்கவில்லை. பெரிய சிஸ்டரிடம் சொன்னேன். "வியாழக்கிழமை இன்ஸ்பெக்ஷன். அது முடியட்டும். அதுக்குள்ள வாயத் தொறக்காத" என்றார். நாலு நாள் வாயைத் திறக்கவில்லை. அந்தக் கருவிகளையே எடுத்துக்கொடுத்தேன். மரம் அறுக்கும் பட்டறையில் வேலை பார்த்த ஒருவருக்குக் கையில் சீழ் பிடித்தது. முழங்கைக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

அத்தானுக்குக்கூட இது தெரியாது. இப்போது உனக்குச் சொல்கிறேன்.

அந்த நாலு நாளும் நான் வேளாவேளைக்குச் சாப்பிட்டேன், நன்றாகத் தூங்கினேன். வெளியே சொல்ல எனக்கு ஆயிரம் தடை இருந்ததாக அப்போது நினைத்தேன். இப்போது எண்ணிப் பார்த்தால் ஒரே ஒரு தடைதான், பெரிய சிஸ்டரின் முகம். எனக்கு அந்த வேலையில் முப்பது வருஷம் கிடைத்தது. அவருக்குக் கை கிடைக்கவில்லை.

உன்னைத் திட்டுவதற்கு எனக்கு யோக்கியதை இல்லை. அதனால் திட்டவில்லை. உனக்கு முன்னால் அந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தவள் சொல்கிறேன், அவ்வளவுதான்.

அக்கா

டிசம்பர் 13

அன்புள்ள அக்கா,

அனுப்பிவிட்டேன்.

ஒன்பதாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை பதினொரு மணி. கடவுச்சொல் திருட்டு மாதிரி ஏதாவது நடந்தால் வாங்கியவர்கள் எல்லாருக்கும் ஒரே சமயத்தில் செய்தி அனுப்ப ஒரு வழி வைத்திருக்கிறோம். அதற்கு அனுமதி இரண்டு பேரிடம்தான், நெட்டையிடமும் என்னிடமும். அறுபத்து மூவாயிரம் பேருக்குப் போனது. "எங்களிடம் நீங்கள் வாங்கிய மின்சார ஒத்தடப் பை தானாக நிற்காமல் வெடித்துப் பலர் காயப்பட்டிருக்கிறார்கள். தயவுசெய்து இனி அதைக் கரண்டில் செருகாதீர்கள். வேறு யாருக்காவது கொடுத்திருந்தால் அவர்களிடமும் சொல்லுங்கள்." கீழே என் பெயரைப் போட்டேன். வக்கீல் பார்த்திருந்தால் மூன்று வரியை மூன்று பக்கமாக்கியிருப்பார்.

உனக்குச் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது. போன மார்ச்சில் விற்பனைத் தலைவர் என்னிடம் வந்தார். எங்கள் சொந்த லேபிள் பொருள்களுக்கு மட்டும் சல்லடையின் கண்ணை இன்னும் நெருக்கவேண்டும் என்றார். போட்டியாளர்கள் எங்களைக் குறிவைக்கிறார்கள் என்பது அவருடைய காரணம். அரை மணி நேரம் வாதாடினேன். அப்புறம் களைத்துப்போய்க் கையெழுத்துப் போட்டேன். அன்றைக்கு இன்னும் ஆறு விஷயம் பாக்கி இருந்தது, இது ஏழாவது. மற்றவர்களுடைய பொருளாக இருந்திருந்தால் நாற்பத்தொன்றில் பாதியாவது வெளியே வந்திருக்கும். அதனால் இதைச் சல்லடையின் தப்பு என்று உன்னிடம் சொல்லிக்கொண்டிருந்தது பொய்.

பன்னிரண்டு மணிக்கு நெட்டை வந்தான். கோபப்படுவான் என்று நினைத்தேன். எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, தரைவிரிப்பைப் பார்த்தபடியே பேசினான்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேடா."

"மூணு தடவை சொன்னேனே."

"அனுப்பப்போறேன்னு சொல்லலையே."

"சொல்லியிருந்தா விட்டிருப்பியா?"

"விட்டிருக்கமாட்டேன்" என்றான். பதினாறு வருஷத்தில் அவன் என்னிடம் பொய் சொன்னதே கிடையாது. அதனால்தான் அவனோடு சண்டை போடுவது கஷ்டம்.

அவன் போன பிறகு, பதில்கள் வரும் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நன்றி என்றார்கள், கெட்ட வார்த்தையில் திட்டினார்கள், வேறு நிறத்தில் மாற்றித் தருவீர்களா என்று கேட்டார்கள். என் பிரிவில் ஒரு பெண், ஏழு மாதக் கர்ப்பிணி, தள்ளி நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சார், எங்களையும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்" என்றாள். மூன்று மணிக்கு என் நுழைவு அட்டை வாசலில் வேலை செய்யவில்லை. காவலாளி கீழ்வரை என்னோடு நடந்து வந்தார். லிஃப்டில், "என் மாமியார் வீட்டுல அந்தப் பை இருக்கு சார். காலைலயே போன் பண்ணிட்டேன்" என்றார்.

இன்னும் ஒரு பதில் வந்தது. அதைப் பற்றி இப்போது எழுத முடியவில்லை.

தம்பி

டிசம்பர் 18

அன்புள்ள தம்பிக்கு,

கண்டக்டரம்மாவுக்கும் செய்தி வந்தது. சத்தமாக வார்டு முழுக்கப் படித்துக் காட்டினார். படித்துவிட்டு, "இவ்வளவுதானா சிஸ்டர் விஷயம்? இதுக்கா இத்தனை நாளு?" என்றார். கீழே இருந்த பெயர் என் தம்பியுடையது என்று சொன்னேன். என்னை ஒரு பார்வை பார்த்தார். அப்புறம் தண்ணீர் கேட்டார். இரண்டு நாள் என்னிடம் அவசியத்துக்கு மேல் பேசவில்லை. அதுவும் நியாயம்தான்.

இந்த வாரம் ஒத்தடப் பையால் யாரும் வரவில்லை. மற்ற இரண்டு ஊர்களிலும் கேட்டேன், அங்கேயும் இல்லை. இதை உனக்குத் தெரியப்படுத்தவேண்டும் என்று நினைத்தேன்.

சாப்பிடுகிறாயா? உன் மனைவி போனில், நீ ஹாலில் ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருப்பதாகச் சொன்னாள். அந்த இன்னொரு பதிலை வைத்துக்கொண்டா உட்கார்ந்திருக்கிறாய்? என்ன அது? எனக்கு எழுது. எழுதச் சிரமமாக இருந்தால் ரயிலேறி வா. அத்தான் முட்டியைப் பற்றிச் சொல்வதைக் கேட்க ஆளில்லாமல் தவிக்கிறார்.

அக்கா

ஜனவரி 6

அன்புள்ள அக்கா,

அந்தப் பதில் ஒரே வரி. "நவம்பர் முப்பதாம் தேதிக்கு முன்னால் இதை அனுப்பியிருந்தால் உபயோகமாக இருந்திருக்கும்." கீழே ஒரு போன் நம்பர். அதைக் கையில் எழுதிக்கொண்டுதான் அன்று வாசலைவிட்டு வெளியே வந்தேன். மூன்று வாரம் கூப்பிடவில்லை. போன வெள்ளிக்கிழமை கூப்பிட்டு, நான் இன்னார், வரலாமா என்று கேட்டேன். எடுத்த பெரியவர், "வாங்க. பகல்ல வாங்க" என்றார்.

நேற்று போனேன். மூன்றாம் மாடி. லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய மனைவி கோர்ட்டில் தட்டச்சராக இருந்தவர். நவம்பர் முப்பதாம் தேதி மாலை, கழுத்து வலிக்கு அந்தப் பையை வைத்துக்கொண்டு கட்டிலில் சாய்ந்திருக்கிறார். நாலு நாள் ஆஸ்பத்திரியில் இருந்து இறந்துபோனார்.

அந்த மெக்கானிக் என்னை உட்காரச் சொன்னார். அவருடைய மகள் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, உள்ளே போகாமல் கதவோரம் நின்றாள். அவர் ஒரு பழைய செய்தித்தாளை மேஜைமேல் விரித்து, அந்தப் பையை எடுத்து வைத்தார். அரக்கு வெல்வெட் ஒரு பக்கம் கருகியிருந்தது. பிளேடால் நேராக அறுத்து, உள்ளே இருந்ததையெல்லாம் வரிசையாகப் பிரித்து வைத்திருந்தார். நகம் அளவு ஒரு தகட்டைத் திருப்புளி முனையால் தொட்டுக் காட்டினார்.

"சூடு ஏறினா இது வளையணும். வளைஞ்சா கரண்ட் நிக்கும். இது வளையல."

குனிந்து அந்தத் தகட்டைப் பார்த்தேன்.

"இதுல ஒண்ணும் அதிசயம் இல்ல. எந்தப் பொருளும் ஒரு நாள் வேலை செய்யாமப் போகும். நான் முப்பத்தஞ்சு வருஷம் லிஃப்ட் பாத்தவன். ஒரு லிஃப்டுல பிரேக் சரியில்லன்னு தெரிஞ்சா, மொதல்ல ரிப்பேர் பண்ணமாட்டோம். மொதல்ல கீழ இறங்கிப் போயி ஒரு போர்டு மாட்டுவோம். இதுல ஏறாதீங்கன்னு. அப்புறந்தான் டூல்ஸ் எடுக்கவே போவோம்."

மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று ரயிலில் போகும்போதே வாக்கியமெல்லாம் கூட்டி வைத்திருந்தேன். சொல்லத் தொடங்கினேன். கையைத் தூக்கி நிறுத்திவிட்டார்.

"அதெல்லாம் இருக்கட்டும். ஒண்ணு மட்டும் சொல்லுங்க. ஒங்களுக்கு எப்பத் தெரியும்?"

நான் அனுப்பிய நாளைக் கேட்கவில்லை, அக்கா. தெரிந்த நாளைக் கேட்டார். நாங்கள் நாலு பேர் உட்கார்ந்து பேசியபோதுகூட யாரும் யாரையும் அதைக் கேட்கவில்லை.

"நவம்பர் பதினெட்டு" என்றேன். "காலைல."

அவர் மகளைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பெண் உதட்டுக்குள் எண்ணினாள். எனக்குத் தெரிந்த கணக்குதான் அது. முப்பதாம் தேதிக்குப் பன்னிரண்டு நாள். நான் அனுப்பியதற்கு இருபத்தொரு நாள். முன்னதைத்தான் அவள் எண்ணினாள்.

"இதை எழுதிக் குடுப்பீங்களா?" என்று கேட்டார்.

என் வக்கீல் என்னிடம் முதலில் சொன்னதே, எங்கேயும் எதையும் எழுதிக் கொடுக்காதே என்பதுதான். பெரிய கம்பெனி பின்வாங்கிவிட்டது. போன வாரம் தொண்ணூறு பேரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், அந்தக் கர்ப்பிணிப் பெண் உள்பட. கம்பெனி என்மேல் வழக்குப் போடுகிறது. நான் எழுதிக் கொடுத்தால் அது என்னோடு நிற்காது, நெட்டையையும் இழுக்கும். இவ்வளவும் அந்த நாற்காலியில் உட்கார்ந்தபடி எனக்குத் தோன்றியது. முன்பெல்லாம் இப்படி எல்லாவற்றையும் எடைபோட்டு முடிக்கும்போது பொழுது சாய்ந்திருக்கும்.

"பேப்பர் இருக்கா?" என்றேன்.

மகள் உள்ளே போய்க் கோடு போட்ட தாள் ஒன்று கொண்டுவந்தாள். எழுதினேன். என்னென்ன படித்தேன், எந்தத் தேதியில் படித்தேன், யாரிடம் சொன்னேன், அவர்கள் என்ன சொன்னார்கள், நான் எத்தனை நாள் சும்மா இருந்தேன். மார்ச்சில் போட்ட கையெழுத்தையும் எழுதினேன். ஒரு பக்கம் போதவில்லை, இன்னொரு தாள் கேட்டேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தார். ஒரு இடத்தில், "இது என்ன எழுத்து, புரியல" என்றார். திருத்திக் கொடுத்தேன்.

அவர் மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நான் எழுந்தபோது அவரும் எழுந்து, கதவுவரை வந்தார்.

"லிஃப்ட் வேண்டாம், படியில போங்க" என்றார். "ஒரு வாரமா சத்தம் ஒரு மாதிரி வருது. இன்னும் யாரும் வந்து பாக்கல."

மூன்று மாடியும் இறங்கி வந்தேன். கீழே லிஃப்ட் கதவில் ஒரு அட்டை தொங்கியது. தடித்த பேனாவில் பெரிய பெரிய எழுத்து, அவருடைய கையெழுத்தாகத்தான் இருக்கும். ஏறும்போது எப்படி அதைப் பார்க்காமல் போனேன் என்று தெரியவில்லை. நான் வந்தபோது அதே லிஃப்டில்தான் ஏறியிருக்கிறேன்.

அடுத்த வாரம் வருகிறேன். கண்டக்டரம்மா சம்மதித்தால் அவரையும் பார்க்கவேண்டும். நீயே கேட்டுச் சொல்.

தம்பி